மழை தொடங்கிய பிறகு ஃப்ளூ ஊசியைத் தேடாதீர்கள்

குமரி மாவட்டத்துக்கு வருஷத்தில் இரண்டு மழை. ஜூனில் ஒன்று, அக்டோபரில் இன்னொன்று. மழையோடு தடுமமும் காய்ச்சலும் வரும். தெருவில் நாலு வீட்டில் ஆள் படுத்த பிறகுதான் நமக்கு ஃப்ளூ ஊசி ஞாபகம் வரும். ஆனால் போட்ட ஊசி உடம்பில் வேலை செய்ய ஏறக்குறைய 2 வாரம் ஆகும். மே மாதத்திலேயே போட்டுவிடுவது நல்லது. பிந்திவிட்டால் அப்போதாவது போடுங்கள்.

“போன வருஷம்தான் போட்டேனே” என்பதும் சரியில்லை. வைரஸ் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் ஊசியில் எந்தெந்த வகைகள் இருக்க வேண்டும் என்று புதிதாகச் சொல்கிறது. பழைய ஊசியின் பலமும் மாதங்கள் போகப்போகக் குறையும்.

நான் செய்த தவறு வேறு. மருந்துக்கடையில் ஊசியை வாங்கி வந்து, குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று ஃபிரீஸரில் வைத்தேன். மறுநாள் டாக்டர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “உறைஞ்சு போச்சே, இனி ஆகாது” என்று குப்பையில் போட்டார். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து அது. உறைந்தாலும் கெட்டது, வெயிலில் பைக் பெட்டியில் கிடந்தாலும் கெட்டது. போடும் இடத்திலேயே வாங்குங்கள்.

பெரும்பாலான வீடுகளில் பாட்டாவுக்கு மட்டும் போட்டுவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். வயதானவர்களுக்கு ஊசியின் பலன் கொஞ்சம் குறைவுதான். காய்ச்சலைப் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவருவதோ பேரப்பிள்ளை. அவனுக்கும் போட்டால்தான் பாட்டாவுக்குக் காவல். 9 வயதுக்குள் முதல்முறை போடும் பிள்ளைக்கு 4 வார இடைவெளியில் 2 ஊசி வேண்டும். ஒன்றோடு விட்டுவிடுகிறவர்கள் நிறைய. 6 மாதம் ஆகாத குழந்தைக்கு ஊசியே கிடையாது. கர்ப்பிணியாக இருக்கும்போது அம்மா போட்டுக்கொண்டால் அந்தப் பாதுகாப்பு பிள்ளைக்கும் போகும். அக்கம்பக்கத்தில் “வயித்துப்பிள்ளைக்காரிக்கு ஊசியா?” என்பார்கள், எந்த மாதத்திலும் போடலாம்.

கை வலியும் லேசான காய்ச்சலும் ஓரிரு நாள் இருக்கலாம். அது ஃப்ளூ இல்லை. ஊசியில் இருப்பது செயலிழக்கச் செய்த வைரஸ்.

அப்புறம், மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாட்டிக் ஃப்ளூ வைரஸை ஒன்றும் செய்யாது. சுக்குக் காப்பி குடியுங்கள், தப்பில்லை. சர்க்கரை, ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் மட்டும் காய்ச்சல் கண்டால் காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள். ஃப்ளூவுக்கான மாத்திரை முதல் 2 நாளுக்குள் தொடங்கினால்தான் நன்றாகக் கேட்கும்.