சாக்ஸபோனைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போக நினைப்பவர்களுக்கு

மே மாதத்தில் ஈரோட்டுப் பக்கம் ஏதாவது மண்டபத்தில் வாசிக்கப் போனால், பந்திக்கு எழும்போது சாக்ஸபோனை மேடையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். நான் ஒருமுறை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டுப் போனேன். தகரக் கூரை, வெளியே நாற்பது டிகிரி. திரும்பி வந்து ஊதினால் கீபோர்டுக்கு மேலே ஏறி நிற்கிறது சுருதி. சுருதியை இறக்க, வாயில் வைத்து ஊதும் மவுத்பீஸை வெளியே இழுத்தேன், இன்னும் இழுத்தேன், அதைச் செருகும் கழுத்துக் கார்க்கின் நுனியில் தொங்கும் அளவுக்கு இழுத்தும் சேரவில்லை. மறுநாள் மாலை ஊட்டியில் ஓர் ஓட்டல் புல்வெளியில் வாசிப்பு. அங்கே மவுத்பீஸை அடிவரை தள்ளியும் சுருதி கீழேயே கிடந்தது.

குழாய்க்குள் இருக்கும் காற்று சூடானால் அதில் ஒலி வேகமாக ஓடும், சுருதி ஏறும், குளிர்ந்தால் இறங்கும். பித்தளை நீள்வதால் ஏறுகிறது என்று சிலர் சொல்வார்கள். குழாய் நீண்டால் சுருதி இறங்கத்தானே வேண்டும்! எப்படியோ, கீபோர்டு 'ஏ' ஸ்வரத்துக்கு நொடிக்கு 440 அதிர்வு என்ற கணக்கில் அசையாமல் நிற்கும், நாம்தான் அதனிடம் போய்ச் சேர வேண்டும். ஆகவே வாசிக்கும் நேரம் வரை பெட்டிக்குள்ளேயே வையுங்கள். குளிர் ஊராக இருந்தால், மேடையேற ஐந்து நிமிடம் இருக்கும்போது எல்லாக் கீயையும் மூடிக்கொண்டு, சத்தம் வராமல் வெறும் மூச்சை உள்ளே விடுங்கள். அத்தோடு கழுத்துக் கார்க்கில் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். என் கார்க்கில் மூன்று கோடுகள்: நுனிப் பக்கம் ஈரோடு, நடுவில் கோவை, அடியில் ஊட்டி. ட்யூனரைப் பார்ப்பதற்கு முன்பே பாதி வேலை முடிந்துவிடும்.

நான் கோபிக்காரி. மாமா கல்யாண பேண்டு செட் வைத்திருந்தார். கிளாரினெட் அவர் கற்றுத் தந்தது. பதினாறு வயதில் ஒரு பழைய ஆல்டோ சாக்ஸபோனைக் கையில் கொடுத்து, "ஊதிப் பார் கண்ணு" என்றார். இருபத்தைந்து வருடங்களாக ஊதிக்கொண்டிருக்கிறேன். வருடத்தில் பாதி நாள் திருப்பூர், பொள்ளாச்சி, தாராபுரம் மண்டபங்கள். மீதியில் பெங்களூரு, கொச்சி, புதுச்சேரி, கோவா என்று ஜாஸ். "ஜாஸ் மட்டும் வாசித்துப் பிழைக்க முடியுமா அக்கா?" என்று கேட்டு வரும் பிள்ளைகளிடம், இந்தப் பக்கம் இருந்துகொண்டு முடியாது, மண்டபத்தையும் சேர்த்துப் பிடித்தால் முடியும் என்று சொல்லிவிடுவேன். முகம் சுண்டிப் போகிறவர்களும் உண்டு.

முதல் கருவியாக ஆல்டோவே வாங்குங்கள். அதைவிடப் பெரிய டெனர் சாக்ஸபோனின் குரல் எனக்கும் பிடிக்கும். ஆனால் அது கனம் அதிகம், பஸ்ஸில் மடியில் வைத்துக்கொள்ள முடியாது. கத்ரி கோபால்நாத் வாசித்தது ஆல்டோ. நாகஸ்வரக் குடும்பத்தில் பிறந்தவர், மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு அதைக் கர்நாடக இசைக்கு இழுத்து வந்தார். 1980-ல் பம்பாயில் நடந்த ஜாஸ் விழாவில் அமெரிக்கரான ஜான் ஹேண்டி அவரோடு சேர்ந்து வாசித்தார், அவரும் ஆல்டோதான்.

ஆல்டோவில் நீங்கள் 'சி' பிடித்தால் வெளியே கேட்பது ஈ ஃபிளாட். 'சி'-யை ஒரு கட்டை என்று வைக்கும் நம் கணக்கில் இரண்டரைக் கட்டை. பாடகர் ஒரு கட்டை என்றால் உங்கள் விரலுக்கு அது 'ஏ'. ஐந்து கட்டை என்றால் 'ஈ'. இதை மேடையில் நின்று கணக்குப் போட முடியாது. பன்னிரண்டு சுருதிக்கும் ஒரு சின்ன அட்டை எழுதிப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டுங்கள், மனப்பாடம் ஆகும்வரை இருக்கட்டும். ஜாஸ்காரர்கள் அதிகம் வாசிக்கும் எஃப், பி ஃபிளாட், ஈ ஃபிளாட் மூன்றும் ஆல்டோவில் டி, ஜி, சி ஆகிவிடும். எளிதான விரல்கள். பாடகி வந்து அரைக் கட்டை இறக்கச் சொல்லும் வரைதான் அந்தச் சுகம்.

சினிமாப் பாட்டும் ராகமும் பழகி வந்தவர்களுக்கு ஜாஸில் இடறுவது ஓர் இடத்தில்தான். ராகத்தில் தரை அசையாது. தம்பூரா ஓடிக்கொண்டே இருக்கும், நாம் அதன்மேல் அரை மணி நேரம் உலாவலாம். ஜாஸில் தரையே நகரும். கீழே கார்டுகள், அதாவது சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டுகள், மாறிக்கொண்டே இருக்கும். கால் வைத்த ஸ்வரம் அடுத்த அளவில், அதாவது தாளத்தின் அடுத்த சுற்றில், பகையாகிவிடும். எனவே 12 அளவில் சுற்றி வரும் புளூஸ் என்னும் பாடல் வடிவத்தில் ஆரம்பியுங்கள். மூன்றே கார்டு. அதைப் பன்னிரண்டு சுருதியிலும் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்க வந்த பிறகே 32 அளவுப் பாடல்களுக்குப் போங்கள். எனக்கு இதற்கு இரண்டு வருடம் ஆயிற்று. நமக்கு லாபமான இடமும் ஒன்று இருக்கிறது. டிரம்ஸும் சாக்ஸும் நான்கு நான்கு அளவாக மாற்றி மாற்றி வாசிப்பார்கள். கச்சேரியில் தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் குறைப்பு கேட்டவர்களுக்கு அது சட்டென்று பிடிபடும். குறைப்பில் அளவு சுருங்கிக்கொண்டே போகும், இங்கே நான்கிலேயே நிற்கும். பெங்களூரில் முதல் தடவை நான் பழக்க தோஷத்தில் இரண்டாகக் குறைத்துவிட்டேன். டிரம்ஸ்காரர் சிரித்துக்கொண்டே கூட வந்தார்.

பயிற்சிக்கு இடம் தேடுவது தனிப் பாடு. சாக்ஸபோன் சத்தத்துக்கு வாடகை வீடு தாங்காது. ஜாஸ் சாக்ஸபோன்காரர் சோனி ராலின்ஸ், அப்போதே பேர் பெற்றிருந்தவர், 1959 முதல் 1961 வரை மேடையை விட்டு விலகி நியூயார்க்கில் வில்லியம்ஸ்பர்க் பாலத்தின்மேல் நின்று பயிற்சி செய்தார். எனக்குத் தடப்பள்ளி வாய்க்கால் கரை. தண்ணீர் விட்டிருக்கும் நாட்களில் அந்த இரைச்சலுக்கு மேலே தொனி எழ வேண்டும் என்பதாலேயே மூச்சு வளர்ந்தது. மஞ்சள் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த அம்மாக்கள் சொன்ன விமர்சனத்தையும் வாங்கிக்கொண்டேன்: "நேற்று ஊதியதே நன்றாக இருந்தது அம்மிணி."

மவுத்பீஸில் பொருத்தி ஊதும் நாணல் பட்டைதான் ரீடு, ஒரு பெட்டியில் பத்து இருக்கும். என் அனுபவத்தில் மூன்று மேடைக்கு, நான்கு பயிற்சிக்கு, மூன்று குப்பைக்கு. பிரான்ஸின் தெற்கே வார் பகுதியில் விளையும் நாணலுக்குப் பேர் அதிகம். நாகஸ்வரக்காரர்கள் தங்கள் ரீடுகளான சீவாளிகளைக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அழகுக்குத் தொங்குவதாகச் சின்ன வயதில் நினைத்தேன். ஒன்று களைத்தால் இன்னொன்று. நீங்களும் நான்கு ரீடு எடுத்து, அடியில் பென்சிலால் எண்ணும் தேதியும் எழுதி, நாளுக்கு ஒன்றாக மாற்றுங்கள். ஒரே ரீடைத் தேயும்வரை ஊதினால், அது சாகும் நாள் நிச்சயம் கல்யாண நாளாகத்தான் இருக்கும். வாசித்து முடித்ததும் துடைத்துக் கண்ணாடித் துண்டின்மேல் படுக்க வையுங்கள். ஆடிக் காற்றில் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் திறந்தவெளி மேடை என்றால் ரீடு பத்து நிமிடத்தில் காய்ந்து நுனி அலை அலையாக நெளியும். பாட்டு இல்லாத நேரமெல்லாம் மவுத்பீஸுக்கு மூடி போடுங்கள்.

சாப்பாடு இன்னொரு தலைவலி. நம் ஊரில் வாசிக்க வந்தவரைச் சாப்பிடாமல் விடமாட்டார்கள். சந்தகையும் இனிப்பான தேங்காய்ப்பாலும் தின்றுவிட்டு அப்படியே ஊதினால், அந்த இனிப்பு எச்சிலோடு இறங்கி, கீயின் அடியில் துளையை மூடும் மெத்தையான பேடில் ஒட்டும். முதலில் ஒட்டுவது ஜி ஷார்ப் கீ, எப்போதும் மூடியே இருக்கும் கீ அது. ஒரு வரவேற்பில் பாட்டின் உச்சியில் அதை அமுக்குகிறேன், திறக்கவில்லை. ஜி ஷார்ப் வர வேண்டிய இடத்தில் வெறும் ஜி. மைக்கில் எல்லோருக்கும் கேட்டது. வாயை இரண்டு முறை கொப்பளித்துவிட்டு மேடையேறுங்கள். சிகரெட் சுருட்டும் மெல்லிய தாள் பெட்டியில் இருக்கட்டும். ஒட்டிய பேடின் அடியில் வைத்து லேசாக அமுக்கி எடுத்தால் ஈரத்தையும் பிசுபிசுப்பையும் இழுத்துக்கொள்ளும். அரிசியும் பருப்பும் சாதம் ஆபத்தில்லாதது. அதையே கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறேன்.

கல்யாணத்தில் எப்போது ஊதக் கூடாது என்று தெரிந்துகொள்ளுங்கள். என் முதல் முகூர்த்தத்தில் நான் ஏதோ சினிமா மெட்டில் மூழ்கியிருந்தேன். கொங்குக் கல்யாணச் சடங்குகளை நடத்தும் அருமைக்காரர் கையை உயர்த்தியதைக் கவனிக்கவில்லை. ஒரு பாட்டி வந்து தோளைத் தட்டி, "அம்மிணி, மங்கல வாழ்த்து பாடப் போகிறார்கள்" என்றார். நிறுத்திவிட்டுக் கேட்டேன். பாடுகிறவர் ஒரு பத்தி சொல்லி முடிப்பார், மேளம் ஒரு தட்டுத் தட்டும், பிறகு அடுத்த பத்தி. அந்தத் தட்டுக்கு முன்னால் கண்ணிமைக்கும் நேரம் ஓர் அமைதி விழும். கூட்டமே அதற்குக் காத்திருக்கும். இப்போது ஜாஸ் தனி வாசிக்கும்போதும் ஒரு வரியை முடித்துவிட்டு அந்த அளவுக்கு விட்டுக் காத்திருக்கிறேன். பியானோக்காரர் உள்ளே வந்துவிடுவார்.

காலண்டரைப் பார்த்துப் பிழையுங்கள். ஆடி, புரட்டாசி, மார்கழியில் இங்கே கல்யாணம் இல்லை. மார்கழியில் கிறிஸ்துமஸ், புத்தாண்டு என்று கடற்கரை ஊர்களின் ஓட்டல்கள் கூப்பிடும். ஐரோப்பாவின் கோடை விழாக்கள் ஜூலை, ஆகஸ்டில், ஏறக்குறைய ஆடியோடு ஒத்துப் போகும். புரட்டாசி மராமத்துக்கு. தை பிறந்ததும் மண்டபம். பணம் பேசும்போது கூச்சப்படாதீர்கள். பாதி முன்பணம், போக்குவரத்தும் தங்கும் அறையும் தனி, மீதி மேடை ஏறுவதற்கு முன். ஒரு ஊரில் நள்ளிரவு வரை வாசித்துவிட்டு மீதியைக் கேட்கப் போனால் வீட்டுக்காரர் தூங்கப் போய்விட்டார். காலையில் ஆளே இல்லை. வெற்றிலைத் தட்டில் வைத்துக் கொடுத்த முன்பணம் பஸ்ஸுக்குச் சரியாயிற்று.

பஸ்ஸில் பெட்டியை என்ஜின் பக்கமோ அடியிலிருக்கும் சாமான் அறையிலோ வைக்காதீர்கள்; காலுக்கும் சீட்டுக்கும் நடுவில் நிற்கட்டும். சென்னைக்குச் சேரன் ரயிலோ ஏற்காடு ரயிலோ பிடித்தால் மேல் படுக்கை கேளுங்கள்; பெட்டி தலைமாட்டில், அதன் வார் மணிக்கட்டில். பெண் பிள்ளைகளுக்கு ஒன்று: விடியற்காலை மூன்று மணிக்கு இறங்க நேர்ந்தால், வெளிச்சம் வரும்வரை நிலையத்துக் காத்திருப்பு அறையிலேயே இருங்கள், "கார் அனுப்புகிறோம்" என்று முகம் தெரியாதவர் சொன்னாலும். விமானத்தில் கைப்பைக்குப் பெரும்பாலும் ஏழு கிலோதான். ஆல்டோ எடையில் தேறும், நீளத்தில் மாட்டும். பெட்டியைக் கீழே அனுப்பத்தான் வேண்டுமென்றால் கழுத்தையும் மவுத்பீஸையும் கையில் எடுத்துக்கொண்டு, திறந்து நிற்கும் கீகளுக்கு அடியில் கார்க் துண்டுகளைச் செருகி அசையாமல் செய்துவிட்டு அனுப்புங்கள். வெளிநாடு போகும்போது சுங்க அதிகாரியிடம் கருவியைக் காட்டி, இது இங்கிருந்து கொண்டுபோவது என்று ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். முதல் பயணத்தில் நான் வாங்கவில்லை. திரும்பி வந்தபோது என் சாக்ஸபோனுக்கே பில் எங்கே என்று கேட்டார்கள். அழாத குறையாகப் பழைய மேடைப் புகைப்படங்களைக் கைப்பேசியில் தேடிக் காட்டித் தப்பித்தேன். இன்னொன்று, சுற்றுலா விசாவில் போய்ச் சம்பளத்துக்கு வாசிக்காதீர்கள். கூப்பிடுகிறவர்தான் சரியான விசாவுக்குக் கடிதம் தர வேண்டும்.

இந்தப் புரட்டாசியில் பேடுகளைக் கழற்றி மாற்றினேன். கழுத்துக் கார்க்கும் பிய்ந்துவிட்டது. புதியது ஒட்டித் தேய்த்துச் சரிசெய்தாயிற்று. பழைய கோடுகள் அதோடு போய்விட்டன. ஐப்பசி முதல் முகூர்த்தம் பவானியில். பென்சிலைச் சீவி வைத்திருக்கிறேன்.