கிட் காருக்கு மலிவான ரெடிமேட் சேஸிஸ் வாங்குவது எப்படி?

பாகங்களை வாங்கி வீட்டு கராஜில் நாமே கட்டும் காரைத்தான் கிட் கார் என்கிறார்கள். அப்படி ஒரு காரைக் கட்டி, முறையாக நம்பர் வாங்கி ரோட்டில் ஓட்டுவதற்கு இங்கிலாந்தில் சட்டமே வழி வைத்திருக்கிறது. அங்கே அதிகம் பேர் கட்டுவது லோட்டஸ் செவன் பாணி கார்: காலின் சாப்மன் 1957-இல் கொண்டுவந்த, இரண்டே சீட் உள்ள, எடை குறைந்த திறந்த வண்டி. அதே பாணியில் குறைந்த செலவில் கட்டுவதை லோகாஸ்ட் என்கிறார்கள். இதன் சேஸிஸ், அதாவது மற்ற எல்லாப் பாகங்களையும் தாங்கும் அடிச்சட்டம், பெரும்பாலும் ஒரு அங்குல சதுர இரும்புக் குழாய்களால் ஆனது. குழாய்ச் சுவரின் தடிமன் சுமார் 1.6 மி.மீ.

குழாய் விலை பெரிதில்லை. குழாய்களை அசையாமல் பிடிக்கும் ஜிக் அமைத்து, கோணாமல் வெல்டிங் செய்து முடிப்பதுதான் பெரிய வேலை. அதனால் முதல் முறை கட்டுபவர்கள் ரெடிமேடாக வாங்குவதே நல்லது என்பேன். ஆனால் பேப்பர் இல்லாத, கோணலான சேஸிஸை ஒருவர் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

படி 1: டோனார் காரை முதலில் முடிவு செய்யுங்கள்

எஞ்சின், கியர்பாக்ஸ், ஆக்சில் எல்லாம் எந்தப் பழைய காரிலிருந்து வருகிறதோ, அதுதான் டோனார். சேஸிஸ் அதற்கேற்றபடிதான் இருக்க வேண்டும். ஃபோர்டு எஸ்கார்ட் மார்க் 2-க்குச் செய்த சேஸிஸில் பின்பக்கம் ஒரே நீள ஆக்சில் உட்காரும். சியராவிலும் மஸ்டா எம்எக்ஸ்-5-லும் பின்சக்கரங்கள் தனித்தனி சஸ்பென்ஷன். அவற்றுக்கு, சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலைத் தாங்கும் பிராக்கெட்டுகளே வேறு. ‘கொஞ்சம் வெட்டி ஒட்டினால் சேர்ந்துவிடும்’ என்று விற்பவர் சொன்னால், நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அந்தக் ‘கொஞ்சம்’ பின்பக்கத்தையே புதிதாகக் கட்டுவதில்தான் போய் முடியும். பழைய எஸ்கார்ட் பாகங்களுக்கு இப்போது கிராக்கி அதிகம் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

படி 2: பேப்பர்

அளவெடுக்கும் முன்பே கேட்க வேண்டியது இது. கட்டி முடித்த கார் ஐவிஏ என்ற தனி வாகனச் சோதனையில் தேறினால்தான் அங்குள்ள வாகனப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏ நம்பர் தரும். புது சேஸிஸுடன் ஒரே டோனாரின் முக்கியப் பாகங்கள் குறைந்தது இரண்டைப் போட்டு, அதற்கான ஆதாரமும் காட்டினால், டோனாரின் வயதுக்கேற்ற நம்பர் கிடைக்கும். ஒருவர் பாதியில் விட்ட பழைய சேஸிஸ் என்றால் ‘கியூ’ நம்பர், அதாவது வண்டியின் வயதோ மூலமோ உறுதியாகத் தெரியாதபோது தரும் நம்பர், வர வாய்ப்பு அதிகம். ஓட்டுவதற்கு அது தடையில்லை. விற்கும்போது விலை இடிக்கும்.

ஆகவே சேஸிஸ் செய்த பட்டறையின் ஒரிஜினல் பில், அதில் எழுதிய எண், இரும்பில் அடித்த எண் மூன்றையும் பாருங்கள். எண்கள் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். டோனாரும் சேர்த்து விற்கிறார் என்றால் அதன் வி5சி லாக்புக்கையும் (பதிவுப் பத்திரம்) கேட்டு வாங்குங்கள்.

படி 3: அளவெடுங்கள்

டேப், ரசமட்டம், தூக்குக்குண்டு, நூல், மாஸ்கிங் டேப், நீளமான ஒரு நேர்க்கம்பி போதும். சேஸிஸை நான்கு ஸ்டாண்டுகளில் ஏற்றி, முன்னும் பின்னும் ரசமட்டம் வைத்துச் சமப்படுத்துங்கள். ஒரு முனையில் மட்டம் சரியாக இருந்து மறுமுனையில் குமிழி ஓடினால் சேஸிஸ் முறுக்கியிருக்கிறது.

அப்புறம் மூலைவிட்டம். நான்கு மூலைகளிலிருந்தும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது தொடும் இடத்தில் தரையில் மாஸ்கிங் டேப் ஒட்டிக் குறியுங்கள். எதிரெதிர் மூலைகளைக் குறுக்காக அளந்தால் இரண்டும் ஒன்றாக வர வேண்டும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் வித்தியாசத்துக்குக் கவலை வேண்டாம். பத்து என்றால் விட்டுவிடுங்கள்.

முக்கியமானது விஷ்போன் பிராக்கெட்டுகள். சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் சஸ்பென்ஷன் கைதான் விஷ்போன். ஒரு விஷ்போனைப் பிடிக்கும் முன்பக்க, பின்பக்க பிராக்கெட்டுகளின் துளைகள் வழியாக, போல்ட் அளவுள்ள கம்பியை நுழையுங்கள். தட்டாமல் தள்ளாமல் அது வழுக்கிக்கொண்டு போக வேண்டும். போகவில்லை என்றால் பிராக்கெட் கோணலாகப் பற்ற வைக்கப்பட்டிருக்கிறது. அதில் விஷ்போன் முனையிலுள்ள ரப்பர் புஷ் சீக்கிரம் தேயும், வீல் அலைன்மென்டும் நிற்காது. துளை முட்டை வடிவமாகியிருந்தால் வண்டி ஏற்கெனவே ஓடியிருக்கிறது. நடுக்கோட்டில் நூல் கட்டி, இடது, வலது பிராக்கெட்டுகளின் தூரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

படி 4: வெல்டிங்கும் துருவும்

பெயின்ட் அடிக்காத சேஸிஸாகக் கிடைத்தால் அதையே வாங்குங்கள். வெல்டிங் கண்ணுக்குத் தெரியும். பவுடர் கோட்டிங் செய்துவிட்டால் விரிசலும் ஓட்டையும் மறைந்துவிடும். பிறகு ஒரு பிராக்கெட் சேர்க்க வேண்டுமென்றாலும் கோட்டிங்கைச் சுரண்ட வேண்டியிருக்கும். குழாயின் மேல் மணிபோல உட்கார்ந்திருக்கும் வெல்டிங், உள்ளே சரியாக உருகிச் சேராதது. இரண்டு பக்கமும் சீராக உருகிப் படிந்திருப்பதுதான் நல்லது.

பழைய சேஸிஸில் அலுமினியத் தரைத் தகடு ரிவெட் அடித்த கீழ்க்குழாய்களைத் துருவிப் பாருங்கள். அலுமினியமும் இரும்பும் ஒட்டியிருக்கும் இடத்தில், பனிக்காலத்தில் ரோட்டில் தூவும் உப்பு கலந்த தண்ணீர் தேங்கினால் அரிப்பு வேகமெடுக்கும். ரிவெட் துளை வழியாகத் தண்ணீர் இறங்கிக் குழாய் உள்ளிருந்தும் துருப்பிடிக்கும். ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். ஓரிடத்தில் மட்டும் சத்தம் மந்தமாக மாறினால் அங்கே நின்று நன்றாகப் பாருங்கள்.

சீட் பெல்ட் மாட்டும் இடங்களையும் விடாதீர்கள். வழக்கமாக 7/16 அங்குல யுஎன்எஃப் (நெருக்கமான அங்குல மரை வகை) மரை உள்ள இரும்புக் குமிழ்கள் சேஸிஸோடு வெல்டிங் செய்யப்பட்டிருக்கும். அவை இல்லாத சேஸிஸை வாங்காதீர்கள். நம் உயிர் அந்த மரையில்தான் இருக்கிறது.

படி 5: உட்கார்ந்து பாருங்கள்

வெட்கப்படாமல் ஒரு பலகையைப் போட்டு உள்ளே உட்காருங்கள். வண்டி ஓட்டும்போது போடும் அதே ஷூ. பெடல் இருக்கும் இடம் இந்தக் கார்களில் மிகக் குறுகல். தோளும் இடுப்பும் இடித்தால் அகலமான சேஸிஸ் தேடுங்கள், அப்படியும் செய்து விற்கிறார்கள்.

படி 6: விலை

சேஸிஸ் மட்டுமா, விஷ்போன், பெடல் பாக்ஸ், பெட்ரோல் டேங்க், தகடுகள் எல்லாம் சேர்த்தா என்று எழுதி வாங்குங்கள். தனித்தனியாக வாங்கினால் இவையே சேஸிஸ் விலையைத் தாண்டிவிடும். மலிவாகத் தெரிந்த வெறும் சேஸிஸைவிட, பேப்பர் சரியாக உள்ள, பாதி முடிந்த புராஜெக்ட் சில நேரம் லாபம்.

பணம் கொடுக்கும்போது சேஸிஸ் எண் எழுதிய ரசீதைக் கையோடு வாங்குங்கள். அடித்த எண்ணைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் சேஸிஸை இரண்டு பேர் தூக்கிவிடலாம். டிரெய்லரில் கட்டும்போது பட்டையைப் பிரதான குழாய்களில் மட்டும் போடுங்கள், விஷ்போன் பிராக்கெட்டில் போட்டு இறுக்கினால் அது வளைந்துவிடும்.