தள்ளுவண்டிக்காரரோடு மட்டும் தொடங்கிய கதை அல்ல: அரபுப் போராட்டங்களைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2010 டிசம்பர் 17. துனிசியாவின் சிதி பூசித் ஊரில் தள்ளுவண்டியில் பழம் விற்றுவந்த முகமது புவாசிசியின் சரக்கையும் தராசையும் அதிகாரிகள் பறித்துக்கொண்டார்கள். அவர் தீக்குளித்தார். அடுத்த 28 நாளில், 23 ஆண்டுகள் ஆண்ட அதிபர் பென் அலி சவூதி அரேபியாவுக்கு ஓடினார். அரபுலகப் போராட்டம் என்றாலே நாம் சொல்லும் கதை இதுதான். நானும் பல ஆண்டுகள் இப்படித்தான் சொல்லிவந்தேன். இதில் பொய் இல்லை. ஆனால் பாதிக் கதை விடுபட்டிருக்கிறது.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். புவாசிசி வேலை கிடைக்காத பட்டதாரி என்று அன்று உலகமெங்கும் எழுதினார்கள், இன்றும் எழுதுகிறார்கள். அவர் பள்ளிப் படிப்பையே முடிக்காதவர். இது அற்ப விஷயம் அல்ல. பட்டதாரி என்று சொன்னதும் வேலை தேடும் இளைஞர் படை நம் கண்முன் வருகிறது. தெருவோரம் கடை போட்டு, அன்றாடம் மாமூல் கேட்பவர்களுக்குப் பயந்து பிழைக்கும் லட்சக்கணக்கானவர்கள் மறைந்துவிடுகிறார்கள்.

பெரிய தவறு, எல்லாம் திடீரென்று வெடித்தது என்று நினைப்பது. அதே துனிசியாவில், 2008 ஜனவரியில், கஃப்சா வட்டாரச் சுரங்க ஊர்கள் கொந்தளித்தன. அரசுக்குச் சொந்தமான பாஸ்பேட் நிறுவனம் ஆட்சேர்ப்பு முடிவுகளை வெளியிட்டது. வேண்டியவர்களுக்கே வேலை போயிற்று என்று ரெதாயெஃப் ஊர் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். பள்ளி ஆசிரியர்கள், சுரங்கத்தில் கணவரை இழந்த பெண்கள், வேலையற்ற இளைஞர்கள் என்று ஆறு மாதம் நின்றார்கள். போலீஸ் ஊரைச் சுற்றி வளைத்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது, தலைமை தாங்கியவர்கள் சிறைக்குப் போனார்கள். வெளியுலகம் கவனிக்கவே இல்லை.

சரி, 2010 டிசம்பரில் மட்டும் எப்படிப் பரவியது? பரப்புவதற்கு ஆட்கள் இருந்தார்கள். 1946-இல் பர்ஹாத் ஹஷேத் தொடங்கிய துனிசியப் பொதுத் தொழிலாளர் சங்கத்துக்கு ஊருக்கு ஊர் கிளை உண்டு. மேல்மட்டத் தலைமை பென் அலிக்கு அனுசரணையாகத்தான் இருந்தது. கீழ்மட்டக் கிளைகள், அதிலும் ஆசிரியர் சங்கக்காரர்கள், அலுவலகக் கதவைத் திறந்துவிட்டார்கள். அங்கிருந்துதான் பல ஊர்வலங்கள் கிளம்பின. வழக்கறிஞர்கள் கறுப்பு அங்கியோடு தெருவில் இறங்கினார்கள். ஜனவரி 12-இல் ஸ்பாக்ஸ் நகரம் பொது வேலைநிறுத்தத்தில் ஸ்தம்பித்தது. இரண்டு நாளில் பென் அலி விமானம் ஏறினார். 2013-இல் இரண்டு அரசியல் தலைவர்கள் சுட்டுக்கொல்லப்பட்டு நாடே உடையும் நிலை வந்தபோதும், இதே சங்கம்தான் முதலாளிகள் கூட்டமைப்பு, மனித உரிமைக் கழகம், வழக்கறிஞர் மன்றம் ஆகியவற்றோடு சேர்ந்து கட்சிகளைப் பேச உட்காரவைத்தது. அந்த நான்கு அமைப்புகளுக்கும் 2015-இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. சிவில் சமூகம் என்ற சொல்லைக் கேட்டதும் நிதி வாங்கி நடக்கும் என்.ஜி.ஓ. அலுவலகம் மட்டும் நினைவுக்கு வந்தால், இந்தச் சங்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

‘பேஸ்புக் புரட்சி’ என்ற பெயரையும் விட்டுவிடலாம். எகிப்தின் அலெக்சாண்டிரியாவில் போலீஸ் அடித்துக் கொன்ற காலித் சயீதின் பெயரால் தொடங்கிய பக்கம் பல்லாயிரம் பேரை இணைத்தது உண்மைதான். ஆனால் 2011 ஜனவரி 27 நள்ளிரவையொட்டி எகிப்து அரசு இணையத்தைத் துண்டித்தது. மறுநாள் வெள்ளிக்கிழமைதான் கூட்டம் போலீஸையே பின்வாங்க வைத்தது. அங்குள்ள மகல்லா நூற்பாலையில் 2006-இலேயே இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலைநிறுத்தம் செய்திருந்தார்கள். அதைத் தொடங்கிவைத்தவர்கள் அங்கே வேலை பார்த்த பெண்கள். அதிபர் முபாரக்கின் ஆட்சியின் கடைசி நாட்களிலும் தொழிலாளர்கள் நாடெங்கும் வேலையை நிறுத்தினார்கள். இவர்களில் எத்தனை பேர் கணினியைத் தொட்டிருப்பார்கள்?

எல்லாவற்றையும் மதத்தில் கொண்டுபோய் முடிப்பதும் தவறு. எகிப்தியத் தலைநகர் கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கத்தில் எழுந்த முழக்கம் ‘ஐஷ், ஹுர்ரிய்யா, அதாலா இஜ்திமாயிய்யா’: ரொட்டி, விடுதலை, சமூக நீதி. எகிப்தியர் பேச்சில் ‘ஐஷ்’ என்றால் ரொட்டி. அதன் வேர்ப்பொருள் வாழ்வது. உணவுக்கும் உயிருக்கும் ஒரே சொல். 1977-இல் மானியத்தைக் குறைத்து ரொட்டி விலையை ஏற்றிய எகிப்து அதிபர் சாதாத், இரண்டே நாளில் அதைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

‘அரபு வசந்தம்’ வெளியார் சூட்டிய பெயர். அங்குள்ளவர்கள் பெரும்பாலும் ‘தவ்ரா’, அதாவது புரட்சி என்கிறார்கள். அல்ஜீரியர்கள் ‘ஹிராக்’, இயக்கம், என்கிறார்கள். வசந்தம் என்று சொல்லிவிட்டால் அடுத்து ‘குளிர்காலம் வந்துவிட்டது’ என்று முடித்துவிடத் தோன்றுகிறது. ஆனால் கதை முடியவில்லை. 2019-இல் அல்ஜீரியர்கள் வெள்ளிக்கிழமைதோறும் அமைதியாக நடந்தே அதிபர் பூத்தஃப்லிக்காவைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். அதே ஆண்டு ஈராக்கிலும் லெபனானிலும் பிரதமர்கள் பதவி விலகினார்கள்.

அப்புறம், என்னை மிகவும் வருத்தும் பேச்சு: ‘அவர்களுக்கு ஜனநாயகம் ஒத்துவராது’. ஒத்துவராமல் செய்தவர்கள் யார் என்று கேட்க வேண்டும். பஹ்ரைனில் 2011 மார்ச் 14-இல் சவூதிப் படைகள் பாலம் கடந்து வந்தன. நான்கு நாளில் போராட்டக்காரர்கள் கூடிய முத்துச் சதுக்கத்தின் நினைவுச் சின்னத்தையே அரசு இடித்துத் தள்ளியது. கெய்ரோவின் ராபா சதுக்கத்தில் 2013 ஆகஸ்ட் 14-இல் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான போராட்டக்காரர்களை அரசுப் படைகள் கொன்றன. தோற்றார்கள் என்று சொல்வதற்கும் தோற்கடிக்கப்பட்டார்கள் என்று சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

சூடான் மக்களை இந்தப் பேச்சில் யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. 1964-இலும் 1985-இலும் அவர்கள் தெருவில் இறங்கி ராணுவ ஆட்சியாளர்களை இறக்கியவர்கள். 2018 டிசம்பரில் ரொட்டி விலை மூன்று மடங்கானபோது ரயில்வே நகரமான அத்பரா கிளர்ந்தது. மருத்துவர்களும் ஆசிரியர்களும் வழக்கறிஞர்களும் சேர்ந்த தொழில்முறையாளர் சங்கம் நாள் குறித்தது. தெருவுக்குத் தெரு இருந்த எதிர்ப்புக் குழுக்கள் ஆட்களைத் திரட்டின. ராணுவத் தலைமையகத்தின் முன் அமர அவர்கள் தேர்ந்த நாள் 2019 ஏப்ரல் 6. 1985-இல் ராணுவ ஆட்சியாளர் நுமைரி வீழ்ந்த அதே தேதி. ஐந்தே நாளில், முப்பது ஆண்டு ஆண்ட அதிபர் பஷீர் பதவியை விட்டுப் போனார். ஜூன் 3-இல் அந்த முகாமையே ராணுவமும் துணை ராணுவப் படையும் ரத்தத்தில் முக்கின. 2021-இல் ஆட்சிக் கவிழ்ப்பு. 2023 ஏப்ரல் 15-இல், மக்களைக் கொன்ற அதே இரு படைகள் ஒன்றோடொன்று போரில் இறங்கின.

எதிர்ப்புக் குழுக்களில் இருந்த இளைஞர்களில் பலர் இன்று ‘அவசர உதவி அறைகள்’ என்ற பெயரில் இயங்குகிறார்கள். உதவி லாரிகள் நுழைய முடியாத பகுதிகளில் பொதுச் சமையலறை போட்டு, பெரிய அண்டாவில் அவரையும் பருப்பும் வேகவைத்து, பாத்திரத்தோடு வரிசையில் நிற்பவர்களுக்கு ஊற்றுகிறார்கள்.