ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கும் முன்: செவிலியர் செய்ய வேண்டியவை

அறுவை சிகிச்சைக்கு முந்தைய மாலையில் படிவத்தை நீட்டி, "இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா" என்று சொல்வது ஒப்புதல் பெறுவது ஆகாது. சிகிச்சையின் தன்மையையும் ஆபத்துகளையும் மாற்று வழிகளையும் விளக்க வேண்டியவர் மருத்துவர். அது நோயாளிக்குப் புரிந்ததா என்று பார்க்க வேண்டியவர் செவிலியர். ஆகவே முதலில், "நாளைக்கு என்ன செய்யப்போவதாக டாக்டர் சொன்னார்?" என்று கேளுங்கள். "ஏதோ வயிற்றில் கட்டியாம்" என்பதற்கு மேல் பதில் வராவிட்டால், படிவத்தை மூடிவைத்துவிட்டு மருத்துவரை மீண்டும் அழையுங்கள். இதில் தயங்கவே கூடாது.

சுயநினைவோடு முடிவெடுக்கக்கூடிய வயதுவந்தவருக்குப் பதிலாகக் கணவரோ மகனோ கையெழுத்திடுவது போதாது. 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம், பரிசோதனைக்காகத் தரப்பட்ட ஒப்புதலை வைத்துக்கொண்டு கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றியது தவறு என்றும், மயக்கத்தில் இருந்தவரின் தாயிடம் பெற்ற சம்மதம் செல்லாது என்றும் கூறியது. உயிரைக் காக்க உடனே செயல்பட வேண்டிய நெருக்கடி இதற்கு விதிவிலக்கு.

சென்னைக்கு ஆந்திரத்திலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். தெலுங்கோ இந்தியோ மட்டும் அறிந்தவரிடம் தமிழ்ப் படிவத்தில் கைநாட்டு வாங்காமல், அவர் மொழியில் விளக்கச் செய்து, மொழிபெயர்த்தவரின் பெயரையும் நேரத்தையும் செவிலியர் குறிப்பில் அப்போதே எழுதிவிடுங்கள்.