யூனிவர்சல் ஸ்டுடியோஸ் சிங்கப்பூர்: காலையில் எந்த ரைடு முதலில்?

குழந்தைகளோடு யூனிவர்சல் ஸ்டுடியோஸ் பூங்கா இருக்கும் செந்தோசா தீவுக்குப் போகிறவர்கள் திறந்தவெளி ரைடுகளைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். அங்கே மதியத்துக்கு மேல் மின்னலோடு மழை வந்தால் வெளியே ஓடும் ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். டிரான்ஸ்ஃபார்மர்ஸ், மம்மி என்ற இரண்டு ரைடுகளும் கூரைக்குள் இருப்பவை, மழையிலும் ஓடும்.

கேட் திறந்ததும் எல்லோரும் டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு ஓடுவார்கள். நான் திறந்தவெளியில் தொங்கியபடி ஓடும் கேனோபி ஃப்ளையர் பக்கம்தான் போவேன். சின்ன ரைடுதான், ஆனால் ஒரு வண்டியில் நாலு பேர்தான் உட்கார முடியும். முன்பக்கம் பார்த்து இரண்டு பேர், பின்பக்கம் பார்த்து இரண்டு பேர். அதனால் கூட்டம் சேர்ந்துவிட்டால் வரிசை நகரவே நகராது. கூட்டத்தைவிட, ஒரு தடவைக்கு எத்தனை பேரை ஏற்றுகிறார்கள் என்று பாருங்கள்.

அப்புறம் உயரம். பேட்டில்ஸ்டார் கேலக்டிகா ரோலர் கோஸ்டருக்கு 125 செ.மீ., மம்மிக்கு 122 செ.மீ. வேண்டும். வீட்டிலேயே சுவரில் நிறுத்தி அளந்துவிடுங்கள். வரிசையின் முனையில் திருப்பி அனுப்பும்போது பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாது.

ஜுராசிக் பார்க் படகில் தொப்பலாக நனைவீர்கள். மாற்றுடை அவசியம்.

தனியாக உட்காரத் தயார் என்றால் சிங்கிள் ரைடர் வரிசை இருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் சீக்கிரம் ஏறிவிடலாம்.