காலா லில்லியைச் சேம்பு மாதிரி வளர்க்காதீர்கள்

ஐப்பசி, கார்த்திகை வந்தால் தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்து மாடித்தோட்டக்காரர்களிடமிருந்து ஒரே கேள்விதான் வரும். "ஆன்லைனில் வாங்கின காலா லில்லிக் கிழங்கு, ஜோராகத்தான் முளைத்தது. இலை பச்சையாக இருக்கும்போதே சாய்ந்துவிட்டது. என்ன உரம் போடலாம்?"

உரம் எதுவும் வேண்டாம். தொட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். கிழங்கின் தோல் மட்டும் முழுசாக இருக்கும், அழுத்தினால் உள்ளேயிருந்து கூழ் வழியும். நாற்றம் கையைவிட்டுப் போக ஒரு நாள் ஆகும்.

உச்சி வெயிலில் வைப்பது, துளையில்லாத தொட்டி போன்ற தவறுகளை யாரும் ஒரு தடவைக்கு மேல் செய்வதில்லை. ஆண்டுதோறும் திரும்ப நடப்பவற்றை மட்டும் பார்ப்போம்.

வெள்ளையும் கலரும் ஒன்று என்று நினைப்பது

பணத்தைக் கரைக்கும் தவறு இதுதான். கொடைக்கானலிலும் ஊட்டியிலும் ஓடைக்கரையில், சேற்றில் கால் ஊன்றி வெள்ளைக் காலா லில்லி கூட்டமாகப் பூத்து நிற்கும். சுற்றுலா போனவர்கள் அதைப் பார்த்துவிட்டு வந்து, மஞ்சள், ரோஸ், கருஞ்சிவப்பு நிறக் கிழங்குகளை வாங்கி, கொல்லைக் குழாயடியில் சேம்புக்குப் பக்கத்தில் நடுகிறார்கள். இலையும் சேம்பு மாதிரிதானே இருக்கிறது! குடும்பமும் அதே குடும்பம்தான். சேம்பு, சேனை, கருணை, ஆந்தூரியம் எல்லாம் இதற்குப் பங்காளிகள். லில்லி என்பது பெயரில் மட்டும்.

ஆனால் வெள்ளை வேறு இனம், கலர் வேறு இனம். இரண்டுக்கும் தாயகம் ஆப்பிரிக்காவின் தென்பகுதி. வெள்ளை அங்கே சதுப்பிலும் நீரோடை ஓரத்திலும் வளர்வது. கலர் ரகங்களின் மூதாதைகள் கோடையில் மழை பெய்து, குளிர்காலத்தில் காய்ந்து கிடக்கும் புல்வெளிகளைச் சேர்ந்தவை. வருஷத்தில் சில மாதம் மண்ணுக்குள் காய்ந்து தூங்கினால்தான் அவற்றுக்கு உயிர். அதைக் குழாயடியில் வைப்பது சேனைக்கிழங்கை நாற்றங்காலில் ஊன்றுவது மாதிரி.

அழுகலுக்குக் காரணம் மண்ணிலேயே இருக்கும் பெக்டோபாக்டீரியம் என்ற பாக்டீரியா. செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டினை அது கரைத்துவிடுவதால்தான் கிழங்கு கூழாகிறது. உள்ளே நுழைய ஒரு கீறல் போதும். பெருகுவதற்குச் சூடும் ஈரமும் காற்றோட்டமின்மையும் வேண்டும். டெல்டாவின் வண்டல் களிமண் நனைந்தால் இந்த மூன்றும் இலவசம். நெல்லுக்கு வரமான மண் இதற்குச் சவக்குழி.

அதனால் வண்டலைத் தொடாதீர்கள். வல்லம் பக்கத்துச் செம்மண் 2 பங்கு, தூசி போகக் கழுவிய பருமணல் 2 பங்கு, நன்றாக மக்கிய தொழு உரம் 1 பங்கு, கருக்கிய உமி அரைப் பங்கு. எட்டங்குலத் தொட்டிக்கு ஒரு கிழங்கு. நடுவதற்கு முன்னாலேயே ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். இருபது எண்ணுவதற்குள் அடித்துளையில் சொட்ட வேண்டும். இல்லையென்றால் இன்னும் மணல் சேருங்கள். தொட்டிக்கு அடியில் தட்டு வைக்கவே கூடாது.

இனித் தண்ணீர். நட்ட அன்று ஒரு முறை ஊற்றினால் சரி. முளை வெளியே தெரியும் வரை கிழங்குக்கு வேர் இல்லை, ஊற்றுவதைக் குடிக்க ஆளில்லை. பெரும்பாலான கிழங்குகள் செத்துப்போவது இந்த இரண்டு மூன்று வாரத்தில்தான். "இன்னும் முளைக்கலையே" என்று தினமும் ஒரு செம்பு ஊற்றுகிறவர்களை என்ன சொல்வது? முளைத்த பிறகும் கணக்கு வைத்து ஊற்ற வேண்டாம். விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி, தொட்டி ஓரமாக மூன்றங்குலம் இறக்கி எடுங்கள். ஈரமண் ஒட்டிக்கொண்டு வந்தால் இன்று தண்ணீர் கிடையாது.

அழுகிய பிறகு மருந்தில்லை. காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூசணக்கொல்லி ஓரளவுக்குத் தடுக்கும், குணப்படுத்தாது. ஒரு மூலை மட்டும் கெட்டிருந்தால், ஸ்பிரிட்டில் துடைத்த கத்தியால் வெள்ளைச் சதை தெரியும் வரை வெட்டி, நிழலில் நான்கு நாள் காயவிட்டுப் புது மண்ணில் நடலாம். பிழைத்தால் அதிர்ஷ்டம். பழைய மண்ணை வேறு தொட்டியில் கொட்டாதீர்கள்.

வெள்ளை ரகத்தை டெல்டாவில் தண்ணீர்த் தட்டில் வைத்தே வளர்க்கலாம். இலை செழிக்கும். பூவுக்கு மலைக்குளிர் வேண்டும், எதிர்பார்த்து ஏமாற வேண்டாம்.

ஆடிப்பட்டம்

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது காய்கறிக்கு. ஆடியில் நட்ட காலா லில்லி அந்த வெக்கையில் நோஞ்சானாக முளைத்து, முழு இலையோடு வடகிழக்குப் பருவமழையில் மாட்டிக்கொள்ளும். அடைமழை ஓய்கிற கார்த்திகைக் கடைசியில், தாழ்வாரத்துக்குள் வைத்து நடுங்கள். 60 முதல் 80 நாளில், தை, மாசிக் குளிரிலேயே பூத்துவிடும்.

மேலாக ஊன்றுவது

புடைத்த கண்கள் மேலே, வழவழப்பான பக்கம் கீழே. சேனையைப் போலவே இதற்கும் வேர் முளையைச் சுற்றி மேல்பக்கத்திலிருந்துதான் கிளம்பும். கிழங்கின் தலைக்கு மேல் இரண்டங்குல மண் இல்லையென்றால் வேருக்குப் பிடிமானம் இருக்காது, செடி ஆடும்.

இலை மட்டும் வருகிறது, பூ இல்லை

மூன்று காரணம். முதலாவது சின்னக் கிழங்கு. குறுக்களவு 4 செ.மீ.க்குக் கீழே இருந்தால் இந்த வருஷம் இலைதான். இரண்டாவது யூரியா, பச்சைச் சாணம். தழைச்சத்து கூடினால் பூ குறையும், தண்டு கொழகொழத்து அழுகலும் சீக்கிரம் வரும். மூன்றாவது இருட்டு. காலை வெயில் மூன்று நான்கு மணி நேரம் கிடைக்க வேண்டும், பதினொரு மணிக்கு மேல் 50 சதவீத நிழல்வலை.

இலை ஓரம் கருகுகிறது

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கமென்றால் முதலில் போர் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். உப்பு. மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றுங்கள். கழுவாத தென்னை நார்க்கழிவிலும் இதே வினை உண்டு.

பூ பச்சையாகிவிட்டது

நோய் இல்லை, வயது.

காலையில் இலை நுனியில் நீர் சொட்டுகிறது

வியாதி இல்லை. அன்றைக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

சேம்புக்குப் பக்கத்தில் வைப்பது

சேம்பைத் தாக்கும் தேமல் வைரஸ் இதையும் தாக்கும், அசுவினிப் பூச்சிதான் தூது. இலையில் இறகு வரைந்தது போல வெளிறிய கோடுகள் தெரிந்தால் செடியைப் பிடுங்கி அழித்துவிடுங்கள். அதன் கிழங்கை அடுத்த ஆண்டுக்கு எடுத்து வைக்கவும் கூடாது.

சேப்பங்கிழங்கு கூடையில் போட்டு வைப்பது

சேப்பங்கிழங்கு என்று யாராவது சமைத்துவிடலாம். இது கால்சியம் ஆக்ஸலேட் ஊசிகள் நிறைந்த கிழங்கு. வாயில் பட்டால் வீங்கும். ஆடு, குழந்தை எட்டாத இடத்தில் வையுங்கள்.

பங்குனியில் மஞ்சளானதும் பதறுவது

பூ முடிந்த கையோடு தண்ணீரை நிறுத்துவதும் தப்பு. அடுத்த ஆண்டுக் கிழங்கு பருப்பது அந்த ஒன்றரை, இரண்டு மாதத்தில்தான். பங்குனி, சித்திரையில் இலை தானாக மஞ்சளாகும். அப்போதுதான் குடம் குடமாக ஊற்றுகிறார்கள்! செடி தூங்கப் போகிறது, தண்ணீரை நிறுத்துங்கள். இலை காய்ந்து தானே கழன்றதும் கிழங்கை எடுத்து, கழுவாமல், நிழலில் ஒரு வாரம் உலர்த்துங்கள். மூங்கில் தட்டில் காய்ந்த மணல் பரப்பி, ஒன்றோடொன்று தொடாமல் காற்றோட்டமான அறையில் வைக்கலாம். காகிதப் பையில் போட்டு ஃபிரிட்ஜின் காய்கறிப் பெட்டியில் வைத்தால் இன்னும் நல்லது. பிளாஸ்டிக் கவர் வேண்டாம், வேர்த்துவிடும். மாதம் ஒருமுறை கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, அமுங்குவதை உடனே அப்புறப்படுத்துங்கள்.