ரோமில் ஒரு மாலை ஓபரா: போவதற்கு முன் நான்கு பாட்டைப் படித்துவிடுங்கள்

ரோமில் ஓபரா கேட்க ஆசை, ஆனால் பாட்டாகவே நடக்கும் அந்த நாடகம் முழுவதற்கும் மூன்று மணி நேரம் உட்கார முடியுமா என்று தயக்கமா? அப்படியென்றால் ஓபராக்களிலிருந்து ஏரியாக்களும் (ஒருவர் தனியாகப் பாடும் பாட்டு) டூயட்டுகளும் (இருவர் சேர்ந்து பாடுவது) மட்டும் பாடும் கச்சேரிக்குப் போங்கள். வியா நாட்சியோனாலே தெருவில் உள்ள செயின்ட் பால்ஸ் தேவாலயத்தில் இப்படிப்பட்ட கச்சேரிகள் நடக்கும்.

டிக்கெட் வாங்கியதும் அன்று பாடப்போகும் பாட்டுகளின் பட்டியலைத் தேடி எடுங்கள். அதில் நான்கே பாட்டுக்கு மதியமே மொழிபெயர்ப்பைப் படித்துவிடுங்கள். பெரிய அரங்குகளில் மேடைக்கு மேலே வரிகள் ஓடும், இங்கே பெரும்பாலும் அந்த வசதி இருக்காது. வரிக்கு வரி புரிய வேண்டாம், யார் யாரிடம் என்ன நிலைமையில் பாடுகிறார் என்று தெரிந்தால் போதும்.

இத்தாலிய இசையமைப்பாளர் புச்சினியின் 'லா போயெம்' ஓபரா பட்டியலில் இருந்தால் அதிலிருந்தே தொடங்குங்கள். மெழுகுவர்த்தி அணைந்துபோய் கவிஞன் ரொடோல்ஃபோவிடம் நெருப்பு கேட்டு வந்த மிமீ சாவியைத் தொலைத்துவிடுகிறாள், இருட்டில் இருவரும் தரையில் துழாவும்போது ரொடோல்ஃபோவின் கை அவள் கைமேல் படுகிறது, "என்ன சில்லென்ற சின்னக் கை" என்று அவன் பாடத் தொடங்குகிறான். அப்புறம் அவள் தன்னைப் பற்றிப் பாடுவாள், பிறகு டூயட். கடைசிச் சொல்லான 'அமோர்' (காதல்) மேடைக்கு வெளியிலிருந்து கேட்க வேண்டும் என்று புச்சினி எழுதியிருக்கிறார், அதனால் பாடகர்கள் கைகோத்து வெளியே நடந்தால் பாட்டு முடிந்தது என்று கைதட்டிவிடாதீர்கள்.

புச்சினியின் இன்னொரு ஓபராவான 'தோஸ்கா' இருந்தால் பகலிலேயே காஸ்தெல் சான்தாஞ்சலோ கோட்டையின் மேல்தளத்துக்கு ஏறி வாருங்கள். விடிந்தால் மரணதண்டனை என்ற நிலையில் கதாநாயகன் கவரதோஸ்ஸி காதலி தோஸ்காவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்து, எழுத முடியாமல் நட்சத்திரங்களை நினைத்துப் பாடுவது அங்கேதான். 1900 ஜனவரி 14 அன்று இந்த ஓபரா முதன்முதலில் அரங்கேறிய தியாத்ரோ கோஸ்தான்சியும் (இன்றைய ரோம் ஓபரா அரங்கம்) இந்தத் தேவாலயத்திலிருந்து நடக்கிற தூரம்தான்.

முடிந்தால் முன்வரிசை பிடியுங்கள். பொதுவாக மைக் இல்லாமல்தான் பாடுவார்கள், அந்த மூச்சையும் முகத்தையும் பக்கத்திலிருந்து பார்ப்பது தனி அனுபவம். பியானோ ஓய்ந்த பிறகு கைதட்டுங்கள்: ஆணுக்கு 'பிராவோ', பெண்ணுக்கு 'பிராவா', இருவருக்கும் சேர்த்து 'பிராவி'. இன்னொன்று வேண்டுமென்றால் 'பிஸ்' என்று கேட்கலாம். கடைசியில் சட்டென்று கிளம்பிவிடாதீர்கள், இன்னொரு இத்தாலிய இசையமைப்பாளரான வெர்தியின் 'லா திராவியாத்தா' ஓபராவில் வரும் விருந்துப் பாட்டைப் பல கச்சேரிகளில் அப்போதுதான் எல்லோரும் சேர்ந்து பாடுவார்கள்.